பொம்பளப் பிள்ளைக்கு உதைக்கிற வித்தை எதுக்கு?

செபராங் பிறை தோட்டத்து லயங்களில் இந்தக் கேள்வி இன்னும் ஓயலை. 1962-ல் தென்கொரியத் தூதராக மலாயா வந்த ஜெனரல் சோய் ஹொங் ஹீ இங்கே பரப்பிய கலை தேக்வாண்டோ. 1988 சியோல் ஒலிம்பிக்கில் அது காட்சி விளையாட்டு. அந்தக் கொரிய மண்ணிலேயே வெண்கலம் வாங்கியவர் நம்ம வாசுகி மருதமுத்து. பொம்பளப் பிள்ளைதானே!

மகளோடு பெர்ரி ஏறி ஜார்ஜ்டவுன் வகுப்பில் சேர்த்ததும், “கறுப்பு பெல்ட் எப்போ?” என்று வாத்தியாரை அரிக்காதீர்கள். வெள்ளை பெல்ட்டிலேயே ஒழுங்காக நிற்கப் பழகணும். உதைத்த கால் தடுமாறாமல் திரும்பணும். சிலம்பம் போல இதிலும் வணக்கம் வைத்துத்தான் ஆட்டம். ஒலிம்பிக் முறைப் போட்டியில் தலைக்கும் நெஞ்சுக்கும் கவசம் உண்டு. முகத்தில் குத்தினால் எதிராளிக்குப் புள்ளி போய்விடும். தோற்று அழுதால் அழட்டும். அடுத்த வாரப் பெர்ரிக் காசை மட்டும் எடுத்து வையுங்கள்.