சட்டியை நகர்த்தாதீர்கள்

கிரிவலப் பாதையில் அடி அண்ணாமலையிலிருந்து உள்ளே பிரியும் ஒரு தெரு. ஓட்டு வீட்டு வாசலைப் பெருக்குவதற்காக ஒரு பாட்டி தீனிச் சட்டியை ஒரு முழம் தள்ளி வைத்திருந்தார். மாட்டுக் கொட்டகைப் பக்கமிருந்து செம்பழுப்புப் பெட்டைக்கோழி ஒன்று நேராக நடந்து வந்தது. சட்டி வழக்கமாக இருக்கும் இடத்தில் நின்றது. குனிந்து வெறும் தரையை நாலு தரம் கொத்தியது. பிறகு தலையைத் தூக்கி அசையாமல் நின்றுவிட்டது. ஒரு முழம் தள்ளி, சட்டி நிறைய நொய் இருந்தது.

"ஐயோ, மறந்துட்டனே" என்று பாட்டி துடைப்பத்தைப் போட்டுவிட்டு ஓடிவந்தார். சட்டியைப் பழைய இடத்தில் வைத்து விளிம்பில் விரலால் டொக் டொக்கென்று தட்டினார். கோழி தலையைச் சாய்த்துக் கேட்டது. அடுத்த கொத்திலேயே அலகில் நொய்.

போன மழைக்காலத்தில் அம்மை போட்டு இரண்டு கண்ணும் போன கோழி அது. "குழம்பு வெச்சிடுன்னு எல்லாரும் சொன்னாங்க சார். நாலு ஈடு குஞ்சு எடுத்த கோழி, எப்படி மனசு வரும்?" என்றார்.

பறவைக்கும் பார்வைக்கும் இந்த ஊரில் பழைய தொடர்பு ஒன்று உண்டு. கண் இழந்த மன்னனுக்குப் பாரிஜாத மலர் கொண்டுவர அருணகிரிநாதர் கிளி உடலில் புகுந்து போனார் என்பது ஐதீகம். அண்ணாமலையார் கோயிலின் கிளி கோபுரம் அந்தக் கதையைத்தான் சொல்கிறது. ரமணாசிரமத்தில் பசு லட்சுமிக்கும், மானுக்கும், காகத்துக்கும், நாய்க்கும் சமாதி உண்டு. கண் தெரியாத ஒரு கோழிக்காகக் கவலைப்படுவது இந்த ஊருக்குப் புதிதில்லை.

கோழி எதை இழந்திருக்கிறது என்று தெரிந்தால்தான் எதைக் கொடுத்து ஈடுகட்டலாம் என்பது தெரியும். நிறம் அறிய நம் கண்ணில் 3 வகைக் கூம்பு செல்கள், கோழிக்கு 4. ஊதாவுக்கு அப்பாலும் கொஞ்சம் அதற்குத் தெரியும். தலையைத் திருப்பாமலே சுற்றிலும் சுமார் 300 பாகை பார்க்கும். ஆனால் மங்கலான வெளிச்சத்தில் உதவும் செல்கள் குறைவு. பொழுது சாய்ந்ததும் கோழி கூட்டில் அடங்கிவிடுவதற்கு அது ஒரு காரணம்.

இரண்டு கண்ணுக்கும் வேலை வேறு என்பது இன்னும் வியப்பானது. 21 நாள் அடைகாப்பின் கடைசி நாட்களில் குஞ்சு முட்டைக்குள் தலையை மடக்கிக்கொள்ளும்போது இடக்கண் உடம்போடு ஒட்டி மறைந்துவிடும். வலக்கண் ஓட்டைப் பார்த்திருக்கும். தாய்க்கோழி இரை தின்ன எழுந்துபோகும் நேரத்தில் ஓட்டின் வழியே கசியும் வெளிச்சம் வலக்கண்ணுக்கு மட்டும் கிடைக்கும். அந்தச் சிறு வெளிச்சமே மூளையின் இரு பாதிகளையும் வெவ்வேறாக வளர்க்கிறது என்று ஆஸ்திரேலிய விஞ்ஞானி லெஸ்லி ரோஜர்ஸ் 1982இல் காட்டினார். குஞ்சுகளின் ஒரு கண்ணை மூடிப் பார்த்ததில், கூழாங்கல்லுக்கு நடுவே தானியத்தைப் பொறுக்குவதில் வலக்கண் தேர்ந்தது என்றும், வானில் பருந்து வருகிறதா என்று கவனிப்பதில் இடக்கண் கெட்டி என்றும் தெரியவந்தது. எனவே ஒற்றைக் கண் போன கோழியிடம் எந்தக் கண் போயிற்று என்று பார்ப்பது நல்லது. வலது போனதென்றால் தானியத்தை மண்ணில் இறைக்காமல் சட்டியில் வையுங்கள். இடது போனதென்றால் திறந்த வெளியில் தனியே மேய விடாதீர்கள்.

பார்வை போய்விட்டதா என்று பலர் டார்ச் அடித்துப் பார்க்கிறார்கள். அது சரியான சோதனை இல்லை. நம் கண்மணி வெளிச்சத்துக்குத் தானாகச் சுருங்கும். பறவையின் கண்மணியை இயக்குவது நம் கை, கால் தசையைப் போன்ற வரித்தசை. கோழி அதைத் தன் இஷ்டத்துக்கும் சுருக்கும். சத்தமோ காற்றோ எழாமல் பக்கவாட்டிலிருந்து ஒரு விரலை மெதுவாகக் கொண்டுபோங்கள். தெரிந்தால் தலையை இழுத்துக்கொள்ளும்.

கண் மூடிய கோழியெல்லாம் குருடு என்று முடிவுகட்டிவிடவும் கூடாது. கொசு பரப்பும் அம்மையில் கொண்டையிலும் இமையிலும் கொப்புளம் எழும்பிப் பொருக்குத் தட்டி, இமை ஒட்டிக்கொள்ளும். உள்ளே கண் நன்றாகவே இருக்கலாம். பொருக்கைப் பிய்க்காதீர்கள், மூன்று நான்கு வாரத்தில் தானாக உதிரும். ஒரு லிட்டர் நீரில் 9 கிராம் உப்பு போட்டுக் காய்ச்சி ஆறவைத்து, பஞ்சில் நனைத்து ஒரு நாளைக்கு இரண்டு மூன்று தரம் ஒற்றி எடுத்தால் போதும். அந்த வாரங்களில் கோழி சாவது பெரும்பாலும் அம்மையால்கூட இல்லை, தீனி கண்ணில் படாத பட்டினியால். கையில் பிடித்து ஊட்டினால் பிழைக்கும். இந்த அம்மை மனிதருக்குத் தொற்றாது. 6 முதல் 8 வாரக் குஞ்சுக்கு இறக்கையில் தடுப்பூசி போட்டால் வராமலே காக்கலாம்.

நொய்யும் தவிடும் மட்டுமே தின்று வளரும் கோழிக்கு வைட்டமின் ஏ குறைந்து, கண்ணுக்குள் பாலாடைக்கட்டி மாதிரி வெள்ளையாகத் திரளும். வேலியோர முருங்கைக் கீரையை நறுக்கிப் போட்டு வந்தால் அந்தக் குறையே வராது. கட்டி திரண்டுவிட்டால் மருத்துவரிடம்தான் போக வேண்டும். கூட்டுக்குள் எச்சமும் ஈரமும் சேர்ந்து கிளம்பும் அம்மோனியாவும் கண்ணை அரிக்கும். கூட்டில் தலையை விட்டுப் பாருங்கள். உங்கள் கண் எரிந்தால், இரவு முழுக்க அங்கே அடையும் கோழியின் கண் என்னவாகும்? கருவிழி வட்டம் சாம்பல் பூத்து, கண்மணி கோணலாகிப் போனால் மாரெக் நோயாக இருக்கலாம். ஹங்கேரியக் கால்நடை மருத்துவர் யோசெஃப் மாரெக் 1907இல் விவரித்த நோய் அது, மருந்து கிடையாது. முகம் வீங்கி மூக்கு ஒழுகினால் அன்றைக்கே கால்நடை மருந்தகத்துக்குத் தூக்கிக்கொண்டு போங்கள்.

இனிப் பார்வை திரும்பாது என்று தெரிந்த பிறகு பலர் செய்யும் தவறு, பாவம் என்று கோழியை இருட்டு மூலையில் கூடை போட்டுக் கவிழ்ப்பது. கோழிக்கு வெளிச்சம் கண் வழியாக மட்டும் போவதில்லை. மண்டையோட்டை ஊடுருவி மூளையின் அடிப்பகுதிக்கே போகிறது. அங்கே ஒளியை உணரும் செல்கள் இருக்கின்றன. இயற்கையாகவே பார்வையற்ற ஒரு கோழி வகையைக் கனடாவின் குவெல்ஃப் பல்கலைக்கழகத்தில் வெவ்வேறு நிற விளக்குகளின் கீழ் வைத்துப் பார்த்தார்கள். சிவப்பொளி பட்டால் போதும், அவை பருவத்துக்கு வந்து முட்டையிடுகின்றன என்று 2014இல் எழுதினார்கள். கண் இல்லாவிட்டாலும் கோழியின் உடம்புக்குப் பகல் தெரியும். அந்தப் பகலை நாம் மறைக்கக் கூடாது.

வெளிச்சம் வேண்டும், வெயில் வேண்டாம். சித்திரை, வைகாசியில் அண்ணாமலைப் பாறை விடும் அனல் இரவு வரை தணிவதில்லை. மற்றக் கோழிகள் நிழலைக் கண்டு ஒதுங்கும். கண் தெரியாத கோழிக்கு நாம்தான் நிழலைக் கொடுக்க வேண்டும். தண்ணீரும் தீனியும் எட்டும் தூரத்தில், என்றும் ஒரே இடத்தில் இருக்கட்டும். கோழியின் அலகு நுனியில் தொடு உணர்வு நரம்புகள் நிறைய உண்டு. அதனால் தீனியை இறைக்காமல், கனமான மண்சட்டியில் இரண்டு விரற்கடை ஆழத்துக்குக் கொட்டிவைத்தால் அலகே தேடி எடுத்துக்கொள்ளும். அலகு நுனியை ஒருபோதும் வெட்டாதீர்கள். அடையும் பரணைத் தரையிலிருந்து ஒரு சாண் உயரத்துக்கு இறக்கிவிடுங்கள். தூக்குவதற்கு முன் குரல் கொடுங்கள். திடீரென்று ஒரு கை மேலே விழுந்தால் அதற்கு அது பருந்தின் கால்தான்.

கூட்டத்தோடு விடலாமா? கோழிகளுக்குள் யார் யாரைக் கொத்தலாம் என்று ஒரு வரிசை உண்டு. நார்வேக்காரர் ஷெல்டெரப் எப்பே 1921இல் அதை முதலில் விளக்கி எழுதினார். ஒருவரையொருவர் அடையாளம் காண்பது கொண்டையையும் முகத்தையும் பார்த்துத்தான். கண் தெரியாத கோழி ஒதுங்கி வழிவிடாமல் நிற்கும். மற்றவை அதைத் திமிராக எடுத்துக்கொண்டு கொத்தும். சாதுவான ஒரு பெட்டையை மட்டும் துணைக்கு விட்டால் அதன் கெக்கெக் சத்தத்தைப் பிடித்துக்கொண்டே இதுவும் நடக்கும்.

அன்று சாயங்காலம் மறுபடி அந்தத் தெருவுக்குப் போனேன். சட்டியைச் சுற்றி அரைவட்டமாக மூன்று செங்கல் பதித்திருந்தார் பாட்டி. பெருக்குகிறவர் யாரானாலும் இனி நகர்த்த வேண்டாமாம். கோழியை மடியில் வைத்து, கழுத்துக்குக் கீழே வலப்பக்கம் புடைத்திருந்த இரைப்பையைக் கட்டைவிரலால் அமுக்கிப் பார்த்தார். என் விரலையும் பிடித்து அங்கே வைத்தார். தோலுக்கு அடியில் நொய் நறநறவென்று நகர்ந்தது.

"ரொம்பிடுச்சு" என்று சொல்லி, கூட்டுக் கதவைத் திறந்தார்.