பச்சிளங்குழந்தைப் பரிசோதனையும் தொடர்பராமரிப்பும்: இங்கிலாந்தின் மருத்துவச்சிப் பயிற்சியை முன்வைத்து

ஆய்வுச் சுருக்கம்

இங்கிலாந்தில் பிறந்த குழந்தையின் முழுவுடல் பரிசோதனை நெடுங்காலம் இளநிலை மருத்துவர்களின் பணியாக இருந்தது. இன்று அது மருத்துவச்சிப் பட்டப்படிப்பிலேயே கற்பிக்கப்படும் திறனாகியுள்ளது. ஒரு பெண்ணைக் கருவுற்ற காலம் முதல் பேற்றுக்குப் பின்வரை தொடர்ந்து பராமரிக்கும் பயிற்சியும் அதே பாடத்திட்டத்தில் இடம்பெறுகிறது. இவ்விரண்டையும் இணைத்துக் கற்பிக்க வேண்டியதன் காரணத்தை இக்கட்டுரை விளக்குகிறது.

திறவுச்சொற்கள்: மருத்துவச்சி, பச்சிளங்குழந்தை, உடற்பரிசோதனை, தொடர்பராமரிப்பு, பயிற்சி

முன்னுரை

இங்கிலாந்தின் தேசியத் திட்டப்படி, ஒவ்வொரு குழந்தையும் பிறந்த 72 மணி நேரத்திற்குள் ஒருமுறையும், 6 முதல் 8 வாரத்திற்குள் மறுமுறையும் பரிசோதிக்கப்படுகிறது. தலை முதல் கால்வரை நோக்கும் இப்பரிசோதனையில் கண், இதயம், இடுப்பு மூட்டு, ஆண் குழந்தைகளின் விரைகள் ஆகிய நான்கும் சிறப்புக் கவனம் பெறுகின்றன. முன்பு மருத்துவச்சியர் பணியில் சேர்ந்தபின் தனிப்பயிற்சி பெற்றே இதனைச் செய்தனர். பிரித்தானியாவின் செவிலியர் மற்றும் மருத்துவச்சியர் மன்றம் 2019இல் வெளியிட்ட தகுதித் தரங்கள், இத்திறனைப் பதிவுக்கு முந்தைய கல்விக்குள் கொண்டுவந்தன. இளநிலை மருத்துவரையும் மருத்துவச்சியையும் ஒப்பிட்டு 2004இல் வெளியான எம்ரென் ஆய்வு, மருத்துவச்சியர் இப்பணியை ஏற்பதற்கு ஆதரவான சான்றுகளை முன்வைத்திருந்தது.

பரிசோதனை உரைப்பதும் உரைக்காததும்

பரிசோதனை என்பது ஒரு நேரத்து நிலையைக் காட்டுவது. பச்சிளங்குழந்தையின் உடலோ நாளுக்கு நாள் மாறுவது. இம்முரண்பாட்டை மூன்று எடுத்துக்காட்டுகளால் உணரலாம்.

முதலாவது, இதயம். கருவிலிருக்கும்போது நுரையீரலைத் தவிர்த்து இரத்தத்தைப் பெருந்தமனிக்குச் செலுத்தும் இணைப்பு நாளம், பிறந்த சில நாள்களில் மூடிக்கொள்கிறது. பெருந்தமனியில் குறுக்கம் உள்ள குழந்தைக்கும், அந்நாளம் திறந்திருக்கும்வரை தொடையின் நாடித்துடிப்பு இயல்பாகவே தோன்றக்கூடும். முதல் நாளில் இயல்பெனப் பதியப்பட்ட குழந்தை, சில நாள்களுக்குப் பின் பால் குடிக்கத் திணறலாம், மூச்சு வாங்கலாம். முதற்பரிசோதனைக் குறிப்பை மட்டும் நம்புபவர் இம்மாற்றத்தின் பொருளைத் தவறவிட வாய்ப்புண்டு.

இரண்டாவது, இடுப்பு மூட்டு. மூட்டு நழுவலைக் கைகளால் கண்டறியும் ஓர்ட்டொலானி, பார்லோ முறைகளை மாணவியர் பயில்கின்றனர். ஆயினும் கைக்குப் புலப்படாத குறைபாடுகளும் உண்டு. எனவே 36ஆம் வாரத்திலோ அதன் பின்னரோ குழந்தை பிட்டநிலையில் இருந்திருந்தால், பின்னர் திரும்பித் தலைமுதலாகப் பிறந்திருப்பினும், மூட்டினை மீயொலி வழியே நோக்க வேண்டும் என்பது விதி. பிரசவ அறையில் மட்டும் அத்தாயைக் கண்டவருக்குக் குழந்தையின் முந்தைய நிலை தெரியாது. கருவுற்ற காலத்தில் உடனிருந்த மாணவி அதனை அறிந்திருப்பார்.

மூன்றாவது, மஞ்சள் காமாலை. முதல் 24 மணி நேரத்திற்குள் தோன்றுவது உடனடிக் கவனத்திற்குரியது. அதன்பின் தோன்றுவது பெரும்பாலும் இயல்பானது. நிறைமாதக் குழந்தைக்கு 14 நாள்களைக் கடந்து நீடித்தால் மீண்டும் ஆய்வு தேவைப்படுகிறது. ஒரே நிறமாற்றம் நாளைப் பொறுத்து வேறுவேறு பொருள் கொள்கிறது. கருநிற, மாநிற மேனியுடைய குழந்தைகளிடம் தோலின் நிறத்தை மட்டும் கொண்டு முடிவு செய்வது நம்பத்தக்கதன்று என்பதை இங்கிலாந்தின் இனம் மற்றும் நலவாழ்வு ஆய்வகம் 2023இல் வெளியிட்ட அறிக்கை சுட்டியது. நேற்றைய மேனியைக் கண்டவரும், தாயின் சொல்லைக் கேட்டவருமே இன்றைய மாற்றத்தை எளிதில் உணர்வர்.

எண்ணிக்கையும் தொடர்ச்சியும்

பயிற்சிக் காலத்தில் ஒவ்வொரு மாணவியும் பேறு கண்ட தாய்மார், நலமான குழந்தைகள் என 100 பேரின் பராமரிப்பில் பங்கேற்க வேண்டும் என்பது விதி. பலதரப்பட்ட குழந்தைகளைக் காண இது துணைபுரிகிறது. எனினும், நூறு குழந்தைகளை ஒவ்வொரு முறை மட்டும் கண்டும் இவ்வெண்ணிக்கையை நிறைவு செய்துவிடலாம். தாம் ஐயுற்ற இதய ஒலி பின்னர் என்னவாயிற்று, தாம் இயல்பெனக் கருதிய மூட்டு மீயொலியில் எவ்வாறு தெரிந்தது என்பதை அறியாத மாணவிக்குத் தம் கணிப்பைத் திருத்திக்கொள்ளும் வாய்ப்பே அமைவதில்லை.

ஆகவே சில குடும்பங்களையேனும் தொடக்கம் முதல் பின்தொடரச் செய்தல் வேண்டும். கருவுற்ற காலத்துக் குறிப்பு, முதற்பரிசோதனை, வீட்டு வருகை, 6 முதல் 8 வாரப் பரிசோதனையின் முடிவு ஆகியவற்றை மாணவி ஒரே பதிவேட்டில் எழுதி, வழிகாட்டி மருத்துவச்சியுடன் கலந்துரையாடலாம். 'இப்போது காண்பது என்ன, முன்பு நிகழ்ந்தது என்ன, அடுத்து எதனை எதிர்நோக்க வேண்டும்' என்னும் மூன்று வினாக்கள் அவ்வுரையாடலுக்குப் போதுமானவை.

நடைமுறைத் தடைகள்

2016இல் வெளியான 'பெட்டர் பர்த்ஸ்' அறிக்கை தொடர்பராமரிப்பை இங்கிலாந்தின் கொள்கையாக்கியது. ஆயின் மருத்துவச்சியர் பற்றாக்குறை அதற்குத் தடையாயிற்று. 2022 மார்ச்சில் வெளியான ஓக்கெண்டன் அறிக்கை, பாதுகாப்பான பணியாளர் எண்ணிக்கை இல்லாத இடங்களில் இம்முறையை நிறுத்திவைக்கப் பரிந்துரைத்தது. அதே ஆண்டு செப்டம்பரில் இதற்கான காலக்கெடுவும் விலக்கப்பட்டது. பணியிடத்தில் தொடர்ச்சி குன்றும்போது, மாணவியர் அதனைக் கற்கும் களமும் சுருங்குகிறது. பணிச்சுமையின் தீர்வை மாணவியர் மீது ஏற்றுவதும் முறையாகாது. அவர்களது வேலை நேரப் பட்டியலிலேயே இக்குடும்பங்களுக்கான நேரத்தை ஒதுக்குவது கல்வி நிறுவனத்தின் பொறுப்பாகும்.

முடிவுரை

கைத்திறனைச் சில வாரங்களில் பழக்கிவிடலாம். கண்டதன் பொருளைக் கணிக்கும் திறன், விளைவை அறிவதன் வாயிலாகவே வளர்கிறது. மாணவியர் எத்தனை குழந்தைகளைப் பரிசோதித்தனர் என்பதோடு, எத்தனை குழந்தைகளை மீண்டும் கண்டனர் என்பதையும் பயிற்சி மதிப்பீட்டில் சேர்ப்பது இத்திறனை வளர்க்கும் வழியாக அமையும்.