நெட்டப்பாக்கத்து வாலிபரும் நிரல் வித்தையும்

1954-ஆம் ஆண்டில் பிரெஞ்சு ஆதிக்கத்தை உதறித் தற்காலிக சர்க்கார் கண்ட ஊர் நெட்டப்பாக்கம். கணிப்பொறி உத்தியோகம் என்றால் நகரத்து வகுப்புகளுக்குப் பெருந்தொகை கட்டவேண்டுமே என்று அவ்வூர்ப் பெற்றோர் இன்று கவலைப்படுகிறார்கள். அது அநாவசியம் என்பது நமது அபிப்பிராயம்.

1991-இல் ஹாலந்து தேசத்துக் கைடோ வான் ரோசம் வெளியிட்ட பைத்தான் என்னும் நிரல்மொழிக்கு விலை கிடையாது. இங்கிலீஷ் தடையென்பாருக்கு 2012-இல் தோன்றிய ‘கணியம்’ மின்னிதழ் இருக்கிறது. நித்யா துரைசாமி முதலியோர் எளிய தமிழில் எழுதிய பாடங்களை அதில் இனாமாகவே படிக்கலாம். பக்கத்து விழுப்புரத்தில் லினக்ஸ் பயனர் குழுவினர் கிராமத்து மாணவர்களுக்குக் கட்டணமின்றிக் கற்பிக்கிறார்கள்.

ஆனால் படித்தால் மட்டும் போதுமா? ஊர்ப் பால் சங்கக் கணக்கையே எடுத்துக்கொள்வோம். இன்னார் இத்தனை லிட்டர், லிட்டருக்கு இன்ன விலை, வாரக் கடைசியில் சேரவேண்டியது எவ்வளவு? இதற்கு நிரல் எழுதுகையில் ஒரு முக்காற்புள்ளி விட்டுப்போனாலும் யந்திரம் நகராது. (தமிழ்ப் பண்டிதர்கூட இத்தனை கண்டிப்புக் காட்டமாட்டார்!) பிழை நேர்ந்த வரியைப் பெரும்பாலும் அதுவே சுட்டும். காரணத்தைத் தேடித் திருத்தும் பிரயாசையில்தான் வித்தை கைவருகிறது. பிறர் எழுதியதை நகலெடுப்பவனுக்கு அது வாராது.

பட்டமின்றி வேலை கிடைக்குமா? 2011-இல் தென்காசி அருகே மத்தளம்பாறையில் அலுவலகம் திறந்த ஜோஹோ ஸ்தாபனம், பள்ளிப்படிப்பு முடித்தோரைச் சேர்த்து, உதவித்தொகையும் தந்து பயிற்றுவிக்கிறது. மற்றக் கம்பெனிகளில் பல, பட்டத்தைத்தான் முதலில் கேட்கின்றன. “நீ என்ன செய்திருக்கிறாய்?” என்று கேட்பவர்களும் உண்டு. அவர்களிடம் காட்ட அந்தப் பால் கணக்கு இருக்கும்.