குழந்தையின் மூச்சுக்குக் குறுக்கே நிற்பது யார்?

மாமல்லபுரத்தில் உளியோசை இன்றும் ஓயவில்லை. கல்லிலே யானையைக் கண்டோம், கல்லிலே கங்கையைக் கண்டோம் என்று வியக்கிறோம். அந்த உளியடியில் எழும் தூசியைப் பற்றி யார் பேசினார்கள்? இழுப்புள்ள பிள்ளை வீட்டிலிருந்தால், சிற்பியின் சட்டையில் ஒட்டிவரும் தூசியே போதும், அன்றிரவு அது உறங்காது. தோழரே, சட்டையை வாசலிலேயே கழற்றி, கைகால் கழுவிவிட்டுப் பிள்ளையைத் தூக்குங்கள்!

செங்கற்பட்டுக் கல்குவாரிப் பக்கமும் இதே கதைதான். குப்பத்திலே விறகுப் புகை, கூடத்திலே கொசுவர்த்தி, திண்ணையிலே தந்தையின் பீடி. போதாக்குறைக்குக் குளித்த மதலைக்குச் சாம்பிராணி! மணக்கிறது என்பதால் புகை புகையல்லாமல் போய்விடுமா?

ஆஸ்துமா முன்வினைப் பயனன்று. ஒட்டுவார் ஒட்டியும் அன்று. மூச்சுக்குழாயின் உட்சுவர் வீங்கி, தசை இறுகி, சளி அடைத்து, உள்ளே போன காற்று வெளிவர வழியின்றித் தவிப்பதே இழுப்பு. இதற்குத் தாயத்து கட்டுகிறோம். ஐதராபாத்திலோ ஆண்டுதோறும் ஜூன் மாதத்தில், மிருகசீரிடக் கணக்குப் பார்த்து, உயிருள்ள விரால் குஞ்சின் வாயில் மருந்தை வைத்து விழுங்கச் செய்கிறார்கள். பல்லாயிரவர் வரிசையில் நிற்கிறார்கள். நுரையீரலுக்குப் பஞ்சாங்கம் தெரியுமா?

மீனை விழுங்க அஞ்சாதவர்கள் பம்பைக் கண்டால் அஞ்சுகிறார்கள்! "பழகிவிடும், விடாது" என்கிறார்கள். கணக்கைப் பாருங்கள். சால்புடமால் மாத்திரை ஒன்றில் 2 மில்லிகிராம். பம்பின் ஓர் அழுத்தத்தில் 100 மைக்ரோகிராம், அதாவது இருபதில் ஒரு பங்கு. அதுவும் நேரே நுரையீரலுக்குப் போகிறது. எது கடுமையான மருந்து?

சால்புடமால் இழுப்பு வந்தபோது தணிப்பது. வராமல் காப்பது வேறு பம்ப். புடசோனைடு போன்ற மருந்துடையது. நன்றாயிருக்கிறதே என்று அதைப் பாதியில் நிறுத்துவதுதான் பெற்றோர் செய்யும் பெரும்பிழை. மருத்துவர் சொல்லும்வரை நாள்தோறும் கொடுத்து, கொடுத்ததும் வாய் கொப்பளிக்கச் செய்யுங்கள்.

பெண் பிள்ளையென்றால் கேட்கவே வேண்டாம். "நாளை இவளை யார் கட்டுவார்?" என்று பம்ப் அரிசிப் பானைக்குள் ஒளிகிறது. மணமேடை வரை நடக்க மூச்சு வேண்டாமா? உலக ஆஸ்துமா நோயாளிகளில் ஏறக்குறைய 13 விழுக்காட்டினர் இந்தியர். ஆஸ்துமாவால் மாண்டவர்களிலோ ஏறக்குறைய 42 விழுக்காடு என்றது 2019ஆம் ஆண்டுக் கணக்கு. அந்த இடைவெளியில் கிடப்பவை நாம் ஒளித்துவைத்த பம்புகளல்லவா!

பம்போடு பொருத்தும் ஸ்பேசர் வாங்க வசதியில்லையா? தென்னாப்பிரிக்கக் கேப்டவுன் மருத்துவர்கள் 1999இல் காட்டினார்கள்: அரை லிட்டர் பிளாஸ்டிக் புட்டியின் அடியில் பம்பின் வாயளவு துளையிட்டு, இடுக்கை ஒட்டி அடைத்தால், கடை ஸ்பேசருக்கு ஈடாகிறது. இழுப்பு வந்தால் பிள்ளையை நிமிர்த்தி உட்காரவையுங்கள். ஒவ்வோர் அழுத்தமாக நான்கு. ஒவ்வொன்றுக்கும் நாலைந்து மூச்சு. நான்கு நிமிடம் பொறுத்தும் தணியாவிட்டால் மீண்டும் நான்கு, கூடவே 108. பேச்சுத் திக்கினாலோ, விலா குழிந்தாலோ, உதடு நீலம் பாய்ந்தாலோ பொறுக்கவே வேண்டாம், உடனே அழையுங்கள். 1965 முதல் செங்கற்பட்டில் அரசு மருத்துவக் கல்லூரி இருப்பது எதற்காக?

பள்ளியிலே பிள்ளையின் பம்பை பீரோவில் பூட்டிவைத்தால் யாருக்குப் பயன்? புத்தகப் பையிலே இருக்கட்டும். கோவளம் முதல் கல்பாக்கம் வரை எல்லாப் பள்ளி முதலுதவிப் பெட்டியிலும் ஒரு பம்பும் ஸ்பேசரும் வேண்டும். ஆள்வோர் எவராயினும் கேட்போம், கிடைக்கும்வரை கேட்போம்.