மர வளையம் சொன்ன அங்கோர் கதை

கம்போடியாவில் உள்ள அங்கோர் வாட் கோயிலைப் படத்திலாவது பார்த்திருப்பீர்கள். 12ஆம் நூற்றாண்டில் இரண்டாம் சூரியவர்மன் என்ற கெமர் அரசர் திருமாலுக்கு எழுப்பிய கோயில் அது. அந்தக் கோயிலைச் சுற்றி ஒரு காலத்தில் ஏறத்தாழ 1,000 சதுர கிலோமீட்டருக்குக் கெமர் பேரரசின் தலைநகரமான அங்கோர் பரந்து கிடந்தது. அங்கே ஏழு முதல் ஒன்பது லட்சம் பேர் வரை வாழ்ந்திருக்கலாம் என்று ஆய்வாளர்கள் கணக்கிடுகிறார்கள். அவ்வளவு பெரிய நகரத்தை விட்டு 15ஆம் நூற்றாண்டில் அரச குடும்பமே வெளியேறியது. ஏன்?

1431இல் அயுத்தயா நாட்டுப் படை வந்து அங்கோரைப் பிடித்தது என்பது வரலாறு. ஆனால், அதற்கு முன்பும் எதிரிகள் வந்திருக்கிறார்கள். 12ஆம் நூற்றாண்டில் சம்பா நாட்டுப் படையிடம் தோற்ற கெமர் பேரரசு, ஏழாம் ஜெயவர்மன் காலத்தில் முன்பைவிடப் பெரிதாக எழுந்து நின்றது. அப்போது எழ முடிந்த பேரரசால் இந்த முறை மட்டும் ஏன் எழ முடியவில்லை? அதற்கு விடை தேட, முதலில் அவர்களுடைய தண்ணீரைப் பார்க்க வேண்டும்.

அங்கோரில் மே முதல் அக்டோபர் வரை பருவமழை கொட்டும். மீதி மாதங்களில் வறட்சி. அதனால் கெமர் மக்கள் பிரம்மாண்டமான ஏரிகளை அமைத்தார்கள். அவற்றுக்குப் ‘பராய்’ என்று பெயர். மேற்கு பராய் சுமார் 8 கிலோமீட்டர் நீளம், 2 கிலோமீட்டர் அகலம். அதன் கரையில் ஒரு சுற்று நடந்து வர உங்களுக்கு ஐந்து மணி நேரமாவது ஆகும்! சமவெளியில் நான்கு பக்கமும் மண் கரை எழுப்பி அதை உருவாக்கினார்கள். வடக்கே குலென் மலையிலிருந்து வரும் நீரைக் கால்வாய்கள் ஏரிகளுக்கும் அகழிகளுக்கும் கொண்டு சேர்த்தன. மிச்ச நீர் தெற்கே தொன்லே சாப் ஏரியில் போய் விழுந்தது. பல நூற்றாண்டுகளாகக் கட்டிய கால்வாய்கள் எல்லாம் ஒன்றோடொன்று பிணைந்திருந்தன.

சரி, 600 ஆண்டுகளுக்கு முன் எவ்வளவு மழை பெய்தது என்று இன்று எப்படித் தெரியும்? மரத்தைக் கேட்டார்கள்! வியட்நாம் மலைக்காடுகளில் பல நூறு வயதுள்ள ஒரு வகை சைப்ரஸ் மரங்கள் நிற்கின்றன. பிரெண்டன் பக்லி என்ற அறிவியலாளரின் குழு, துளையிடும் கருவியைத் திருகி அந்த மரங்களிலிருந்து பென்சிலைவிட மெல்லிய குச்சிகளை எடுத்தது. மரத்தை வெட்டத் தேவையில்லை. குச்சியில் வரிசையாகக் கோடுகள் தெரியும். ஆண்டுக்கு ஒரு வளையம். நல்ல மழை பெய்த ஆண்டில் வளையம் அகலமாக இருக்கும். வறண்ட ஆண்டில் ஒடுங்கிவிடும். பல மரங்களின் வளையங்களை ஒப்பிட்டு, எந்த வளையம் எந்த ஆண்டுக்குரியது என்று உறுதி செய்தார்கள். 2010இல் முடிவுகள் வெளிவந்தன.

14ஆம் நூற்றாண்டின் நடுவிலிருந்து பல பத்தாண்டுகள் பருவமழை பொய்த்திருக்கிறது. 15ஆம் நூற்றாண்டின் தொடக்கத்தில் மீண்டும் கடும் வறட்சி. இடையிடையே சில ஆண்டுகளில் பேய்மழை. இப்படி மாறி மாறி வந்ததுதான் பெரிய ஆபத்து. ஏரிகள் வற்றிக் கிடந்த ஊரில் திடீரென்று வெள்ளம் புகுந்தால், அது கால்வாய்க் கரையை அரித்து மணலை அள்ளிக்கொண்டு ஓடும். ஒரு கால்வாய் தூர்ந்தால் அதில் போக வேண்டிய நீர் அடுத்த கால்வாயில் பாயும். அதுவும் தாங்காமல் உடையும். நகரை வளர்த்த அதே பிணைப்பு, சேதத்தையும் ஊரெங்கும் பரப்பியது.

இதற்குச் சாட்சி இன்றும் இருக்கிறது. நகரின் தெற்கே ஒரு பழைய கால்வாய் மணலும் சரளையுமாக அடைந்து கிடந்ததை ஆய்வாளர்கள் தோண்டிக் கண்டார்கள். ஸ்பியன் த்மா என்ற பழைய கல் பாலத்துக்கு அடியில் இன்று ஆறு இல்லை. சியெம் ரீப் ஆறு பாலத்தை விட்டு விலகி, பல மீட்டர் ஆழத்துக்கு மண்ணை அறுத்துக்கொண்டு பக்கத்தில் ஓடுகிறது.

எல்லாப் பழியையும் மழைமேல் போட்டுவிடக் கூடாது. நகர மையத்தில் உள்ள அங்கோர் தோம் என்ற பகுதியின் அகழிச் சேற்றில் படிந்த மகரந்தத்தையும் கரித்துகளையும் ஆராய்ந்தபோது, 14ஆம் நூற்றாண்டின் தொடக்கத்திலிருந்தே அங்கே மக்கள் நடமாட்டம் மெல்லக் குறைந்தது தெரிந்தது. கடல் வணிகம் வளர, தெற்கே ஆற்றங்கரை ஊர்கள் செழித்தன. கால்வாயைத் தூர்வாரவும் கரையைச் செப்பனிடவும் ஆட்கள் வேண்டுமே! ஆள் குறைந்த வேளையில் மழையும் குழம்பியது, படையும் வந்தது. பல காரணங்கள் ஒன்றுசேர்ந்து வீழ்த்திய பேரரசு இது.

இந்தக் கதை இன்றைக்கும் உதவுகிறது. 2011இல் அங்கோருக்கு அருகில் உள்ள சியெம் ரீப் நகரம் வெள்ளத்தில் மூழ்கியது. அதன் பிறகு கம்போடிய அரசு பழைய கெமர் கால்வாய்களைத் தூர்வாரிச் சீரமைத்து, மீண்டும் பயன்பாட்டுக்குக் கொண்டுவந்தது.

நீங்களும் மரத்தைப் படிக்கலாம். தென்னைக்கும் பனைக்கும் ஆண்டு வளையம் கிடையாது. தேக்கில் நன்றாகத் தெரியும். மரக்கடையில் தேக்குத் தடி கிடந்தால், பெரியவர்களுடன் போய் வெட்டுமுகத்தைப் பாருங்கள். நடுவிலிருந்து வெளிப்புறமாக எண்ணுங்கள். எந்த வளையம் அகலம், எது ஒடுக்கம் என்று குறித்துக்கொள்ளுங்கள். எந்த ஆண்டில் வெட்டிய மரம் என்று கடைக்காரருக்குத் தெரிந்திருந்தால், வெளி வளையத்திலிருந்து பின்னோக்கி எண்ணி, ஒவ்வொரு வளையத்துக்கும் ஆண்டு குறித்துவிடலாம்.