நாகதாளித் திரைக்கு அப்பால்

மெக்ஸிக்கோ நாட்டு ஓவியம் என்றதும் சுவர்களே நினைவுக்கு வருகின்றன. 1910இல் மூண்ட புரட்சி ஓய்ந்தபின், 1920களில் அந்நாட்டு அரசாங்கம் பொதுக் கட்டடங்களின் சுவர்களை ஓவியர்களிடம் ஒப்படைத்தது. ரிவேரா, ஒரொஸ்கோ, சிக்கேரோஸ் ஆகிய மூவரும், எழுத்தறியாதாரும் தம் வரலாற்றைக் கண்ணாற் படிக்கும் வண்ணம் அவற்றை நிரப்பினர். 20ஆம் நூற்றாண்டுக் கலையின் பெருஞ் சாதனைகளுள் அதுவும் ஒன்று என்பதில் ஐயமில்லை. ஆயினும் சாதனை சட்டமாக மாறும்போதுதான் தொல்லை பிறக்கின்றது. 1945இல் சிக்கேரோஸ் வெளியிட்ட நூலின் பெயரே ‘எமது வழியன்றி வேறு வழியில்லை’ என்பதாகும்!

அவ்வழியே நடக்க மறுத்தவருள் முதன்மையானவர் ஹோசே லுயிஸ் குவேவாஸ். மெக்ஸிக்கோ நகரில், பாட்டனார் நிர்வகித்த பென்சில் தொழிற்சாலையின் மேல்மாடியில், 1930களின் முற்பகுதியிற் பிறந்தவர். கடதாசிக்கும் பென்சிலுக்கும் குறைவில்லாத வீடு அது. பத்து வயதளவில் ஓவியப் பள்ளியிற் சேர்ந்தார். மூட்டுவாதக் காய்ச்சல் கண்டு படுக்கையில் வீழ்ந்தமையால் அப்படிப்பு இடையில் நின்றது. பின்னர் அவர் கற்றதிற் பெரும்பகுதி தாமாகவே கற்றது.

மனநோய் மருத்துவத் துறையைச் சார்ந்த சகோதரர் ஒருவரின் துணையுடன் லா கஸ்தான்யேதா என்னும் மனநோய் மருத்துவமனைக்குச் சென்று, அங்கிருந்தோரை வரைந்தார். பிச்சைக்காரர், விலைமாதர், பிணங்கள் ஆகியனவும் அவருடைய கருப்பொருள்களாயின. உடல் உப்பி, கண் குழிந்து, கை கால் திரிந்து நிற்கும் உருவங்கள் அவை. புறத்தோற்றத்தைச் சிதைத்து அகத்தின் அவலத்தைப் புலப்படுத்தும் இம்முறை காரணமாகவே விமரிசகர் அவரைப் புதிய வெளிப்பாட்டுவாதியர் வரிசையில் வைக்கின்றனர். வண்ணத்தை அவர் பெரிதாக நாடவில்லை. கோடே அவரது மொழி. 1959இல் ‘கஃப்காவினதும் குவேவாஸினதும் உலகங்கள்’ என்னும் சித்திர நூல் பிலடெல்பியாவில் வெளிவந்தது. கஃப்காவைப் படித்தோருக்கு இவ்விணைப்பு வியப்பளிக்காது.

1950களின் பிற்பகுதியில், ‘நோவெதாதெஸ்’ என்னும் தினசரியின் வார இலக்கிய அநுபந்தத்தில் அவர் தொடுத்த போர்தான் அவரை நாடறியச் செய்தது. (ஒரு நாட்டின் ஓவிய வரலாறு பத்திரிகையின் இலக்கியப் பக்கத்தில் திரும்புவது நமக்கு உவப்பான செய்தியே.) ஐரோப்பாவில் ‘இரும்புத் திரை’ பற்றிப் பேசப்பட்ட காலம் அது. மெக்ஸிக்கோவைச் சூழ்ந்திருப்பதோ ‘நாகதாளித் திரை’ என்றார் குவேவாஸ். அந்நாட்டுக் கொடியில் கழுகு அமர்ந்திருப்பது நாகதாளியின் மீதுதான். எனவே அடி எங்கு விழுந்தது என்பதை எவரும் உணர்ந்தனர். ஹுவான் என்னும் கற்பனை இளைஞன் ஒருவனை அவர் படைத்தார். ஆற்றல் வாய்ந்த அவன், அங்கீகாரம் பெற்ற பாணிக்குச் சிறிது சிறிதாக இணங்கித் தன்னை இழப்பதே கதை. கண்டனங்கள் குவிந்தன. எனினும் ரொஹோ, பெல்கேரெஸ், கிரொனெல்யா முதலிய இளைஞரோடு சேர்த்து இவரது தலைமுறையே ‘பிளவுத் தலைமுறை’ எனப் பெயர் பெற்றது.

எதிர்த்தரப்பார் கூறிய ஒன்றை மட்டும் நாம் தள்ளிவிடுதல் இயலாது. 1954இல் குவேவாஸை வாஷிங்டனிற் காட்சிக்கு வைத்து உலகுக்கு அறிமுகப்படுத்தியவர் அமெரிக்க நாடுகள் அமைப்பைச் சேர்ந்த கோமெஸ் சிக்ரே. பொதுவுடைமை சார்ந்த சுவரோவியரை வீழ்த்தும் கலைஞன் கெடுபிடிப் போர்க் காலத்து வாஷிங்டனுக்கு வாய்ப்பானவனே. ஆனால் ஆதரவு எங்கிருந்து வந்தது என்பதைக் கொண்டு கோட்டின் உண்மையை அளத்தல் தகுமா? கஸ்தான்யேதாவின் நோயாளரை வரையுமாறு வாஷிங்டன் அவருக்குச் சொல்லவில்லை. சுவரோவியங்களில் மக்கள் திரளாக அணிவகுத்தனர்; அணியிற் சேர முடியாதவர் குவேவாஸின் தாள்களிலே தனித்தனியாக அமர்ந்திருக்கின்றனர். இரண்டும் மெக்ஸிக்கோவே.

1967இல் நகரின் நடுவே விளம்பரப் பலகையொன்றில் ஒரு சுவரோவியம் தீட்டினார். ஒரு மாதம் கழிந்ததும் அழிக்கப்படுவதற்காகவே தீட்டப்பட்டது அது. நிலைபேற்றை நாடிய முன்னோரைக் கேலி செய்தவர், தம் புகழைப் பேணுவதில் மட்டும் சளைத்தாரல்லர். நாள்தோறும் தம்மைப் புகைப்படம் எடுப்பித்தார். தம்மைப் பற்றியே பத்திரிகையிற் பத்தி எழுதினார். 1981இல் தேசிய விருது கிடைத்தது. 1992இல் பழைய மடாலயம் ஒன்றில் அவர் பெயரிலேயே அரும்பொருட்சாலை திறக்கப்பட்டது. 2017 ஜூலை 3இல் அவர் காலமானார். ஒரு மாத ஓவியம் தீட்டிய அக்கையே வடித்த ‘பெண் பூதம்’ என்னும் வெண்கலச் சிலை, எட்டு மீற்றர் உயரத்துடன் அம்மடாலய முற்றத்தில் நிற்கின்றது.