சுவரெழுத்து (தமிழ்நாடு)

சுவரெழுத்து என்பது பொதுமக்கள் பார்வையில் படும் சுவர்களில் அரசியல் கருத்துகள், முழக்கங்கள், தேர்தல் சின்னங்கள் முதலியவற்றை எழுதியோ வரைந்தோ வெளிப்படுத்தும் முறையாகும். தமிழ்நாட்டில் இது கட்சிகளுக்கிடையே நடைபெறும் ஒருவகை உரையாடலாகவும் விளங்கியுள்ளது.

வரலாறு

சுவரில் தேர்தல் விளம்பரம் எழுதும் வழக்கம் பழைமையானது. கி.பி. 79 இல் எரிமலை வெடிப்பில் புதையுண்ட இத்தாலியின் பொம்பெயி நகரில், வெள்ளையடித்த சுவர்களில் வேட்பாளர்களுக்கு ஆதரவு கோரும் எழுத்துகள் காணப்படுகின்றன. எழுதிய ஒருவர், நிலவொளியில் தனியாக எழுதியதாகத் தம் பெயருடன் குறித்துள்ளார்.

தமிழ்நாட்டில் 1952 இல் தொடர்வண்டி நிலையப் பெயர்ப்பலகைகளின் இந்தி எழுத்துகளைத் தார் பூசி அழிக்கும் போராட்டத்தைத் திராவிடர் கழகம் நடத்தியது. 1965 இந்தி எதிர்ப்புப் போராட்டத்தின்போதும் முழக்கங்கள் சுவர்களில் எழுதப்பட்டன. இதழ் நடத்தப் பொருள்வசதி இல்லாதவர்களுக்கும் சுவர் எட்டக்கூடிய ஊடகமாக இருந்தது.

எழுதும் முறை

முதலில் சுவருக்குச் சுண்ணாம்பு அடித்து, "முன்பதிவு" என்பதைப் போலக் கட்சியின் பெயரும் ஆண்டும் குறிக்கப்படும். பின்னர் ஓவியர் கட்சி நிறங்களில் எழுத்துகளையும் சின்னத்தையும் வரைவார். எதிர்க்கட்சியினர் அடுத்த சுவரில் மறுமொழி எழுதுவதுண்டு. நெடுஞ்சாலையோரச் சுவர்கள் கூடுதலாக விரும்பப்படுகின்றன. சேலம் – கரூர் நெடுஞ்சாலையில் காவிரியின் வடகரையில் அமைந்த பரமத்தி வேலூர் இத்தகைய சாலையோர ஊர்களுள் ஒன்று. இவ்வூருக்கு எதிர்க்கரையிலுள்ள புகழூரில், சேர அரசர்களைக் குறிப்பிடும் தமிழ்ப் பிராமிக் கல்வெட்டுகள் உள்ளன. கல்வெட்டு நிலைத்திருக்கும் நோக்குடன் பொறிக்கப்படுவது. சுவரெழுத்தோ அடுத்த வெள்ளையடிப்பு வரை மட்டுமே நிற்பது. அழிக்கப்படுவதே அடுத்தவர் பேச இடமளிக்கிறது.

சட்டமும் சிக்கலும்

சுவர் ஒருவரின் உடைமை. அதிலுள்ள கருத்து வேறொருவருடையது. உரிமையாளரின் இசைவின்றி எழுதப்படும்போது, கருத்துரிமையும் உடைமையுரிமையும் மோதுகின்றன. கட்சியினரைப் பகைக்க அஞ்சி வாய்திறவாதிருப்பதை இசைவாகக் கொள்ள இயலாது. பொது இடங்கள் உருக்குலைக்கப்படுவதைத் தடுக்க 1959 இல் சட்டம் இயற்றப்பட்டது. 2006 சட்டமன்றத் தேர்தலின்போது தேர்தல் ஆணையம் சுவரெழுத்துகளைக் கடுமையாகக் கட்டுப்படுத்தியது.

இன்றைய நிலை

கணினி அச்சுப் பதாகைகள் பரவியதால் சுவரெழுத்து ஓவியர்கள் பலர் வேலை இழந்தனர். மறுபுறம், 2020 இல் சென்னை கண்ணகி நகரின் குடியிருப்புச் சுவர்களில் பெரிய ஓவியங்கள் தீட்டப்பட்டன. எனினும் இவை அழகுபடுத்தும் ஓவியங்களே. எதிர்ச்சுவரில் மறுமொழியை எதிர்பார்க்கும் பழைய சுவரெழுத்திலிருந்து இவை வேறுபட்டவை.